கதவு வரை கடிதம் கேட்ட எங்கள் அக்கா

எங்கள் அக்கா மண்ணுக்குள் போய் இந்த மாதத்தோடு ஒரு வருடம் நிறைகிறது. நினைவுத் திருப்பலிக்கு வருகிறவர்கள் கையில் அக்காவைப் பற்றி நாலு பக்கமாவது இருக்க வேண்டும் என்று வீட்டில் சொன்னார்கள். யார் எழுதுவது என்ற பேச்சு வந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவன். பேக்கரியில் பாண் போடுகிற வேலை. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு எழும்பாது. ஆனாலும் அக்காவோடு பிறந்தவன் நான் ஒருவன்தான். அதனால் எழுதுகிறேன். எழுத்துப் பிழைகளை மகள் பார்த்துத் திருத்தினாள். விஷயத்தில் அவள் கை வைக்கவில்லை.

அக்கா பிறந்தது ஹந்தானை மலையில் ஒரு தோட்டத்தின் மேல் பிரிவில், பத்து அறைகள் ஒரே வரிசையில் இருக்கிற லயத்தின் கடைசிக் காம்பராவில். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அம்மா கொழுந்து பறித்தார். அக்காவுக்கு அடுத்துப் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. அக்கா பிறந்து ஐந்து வருடம் கழித்து நான் பிறந்தேன். நான் பிறந்த வாரம் முழுக்க மழை. மருத்துவிச்சி வந்து பார்த்துவிட்டுப் போனார். அக்காவின் பிறப்பைத் தோட்டத்து ஆபீசிலேயே பதிந்துவிட்டார்கள். என்னுடையதை நாமே போய்ப் பதிய வேண்டும் என்பது அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் யாரும் சொல்லவில்லை. பாதர் தோட்டத்துக்கு வந்தபோது ஞானஸ்நானம் மட்டும் கொடுத்தார்கள்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான் உண்டு. அதற்கு மேல் படிக்கக் கண்டிக்கு இறங்க வேண்டும். என்னைச் சேர்க்க அப்பாவும் அக்காவும் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே பிறப்புச் சான்றிதழைக் கேட்டார்கள். எங்களிடம் இல்லை. "சான்றிதழ் கொண்டு வாங்க, பிள்ளையச் சேர்ப்போம்" என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். அப்பா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். அக்கா மட்டும் நின்று, சான்றிதழ் எங்கே எடுக்க வேண்டும், என்ன கொண்டு போக வேண்டும் என்று கேட்டு உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். அப்போது அவருக்குப் பதினாறு வயது.

அந்தச் சான்றிதழுக்காக அக்கா எத்தனை நாள் மலையிறங்கினார் என்று எனக்குக் கணக்குத் தெரியாது. ஒரு நாள் போனால் விண்ணப்பப் பாரம் முடிந்துவிட்டது என்பார்கள். அடுத்த முறை போனால் இந்த அலுவலகம் இல்லை, வேறு கந்தோர் என்பார்கள். பாரம் சிங்களத்தில் இருக்கும். நிரப்பித் தருகிறவர் வெளியே மர நிழலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார், அவரும் சில நாள் வரமாட்டார். கடைசியில் கோயிலில் இருந்த ஞானஸ்நானப் பதிவைக் காட்டி அக்கா அதை எடுத்துவிட்டார். அதற்குள் எனக்குப் பதிமூன்று வயது. அந்த வயதில் ஆறாம் வகுப்பில் உட்கார முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நான் பேக்கரியில் மாவு தட்டப் போய்ச் சேர்ந்திருந்தேன். அக்கா அங்கேயே வந்து அந்தக் காகிதத்தை என் கையில் கொடுத்தார்.

"இந்தாடா. இன்னையிலருந்து நீ பொறந்துட்டே" என்றார்.

பேக்கரியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டு அக்கா கண்டியில் ஒரு புடவைக் கடையில் வேலைக்கு நின்றார். தோட்டத்திலிருந்து கந்தோர் காரியமாக வருகிற பெண்கள், கடை இருந்த கொழும்பு வீதியில் எங்கே போவது என்று தெரியாமல் அந்தக் கடை வாசலில் வந்து நிற்பார்கள். அக்கா மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர்களைக் கூட்டிக்கொண்டு போவார். திரும்பி வரும்போது சாப்பாட்டு நேரம் முடிந்திருக்கும். முதலாளி ஒரு நாள், "ஒங்களுக்குப் புடவை விக்கிற வேலை குடுத்தேனா, அரசாங்கக் கச்சேரி வேலை குடுத்தேனா?" என்று கேட்டாராம். "சம்பளம் புடவைக்கு மட்டும்தானே ஐயா தாறீங்க" என்று அக்கா பதில் சொன்னாராம். அந்த மாதத்தோடு அந்த வேலை போனது.

அப்பா இறந்தார். இரண்டு வருடத்தில் அம்மாவும் போனார். அக்காவுக்கு ஒரு வரன் வந்து, பேச்சு நடந்து, நின்றுபோனது. "பொம்பள எந்நேரமும் கந்தோர் வாசல்லயே குடியிருக்குது, குடும்பத்துக்கு ஒத்து வராது" என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அக்கா கல்யாணப் பேச்சை எடுக்க விடவில்லை. நான் கல்யாணம் முடித்துக் கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் வாடகை வீட்டுக்கு வந்தபோது அக்காவும் எங்களோடு வந்தார். என் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தது அவர்தான்.

அந்தக் காலத்தில்தான் மன்றம் தொடங்கியது. தமிழ் ஆட்கள், முஸ்லிம் ஆட்கள், இரண்டு சிங்கள ஆசிரியைகள் என்று ஒரு பத்துப் பேர். ஒரு ஹாஜியார் தம்முடைய கடைக்கு மேலே இருந்த அறையைக் கொடுத்தார். அரசாங்கக் கந்தோருக்குப் போகிற எந்த மனிதரும், எந்தப் பாஷை பேசினாலும், கண் தெரியாவிட்டாலும், கால் நடக்காவிட்டாலும், காரியம் முடிந்து திரும்பி வர வேண்டும் என்பதுதான் மன்றத்தின் வேலை. அக்கா அங்கே முழுநேரமாகச் சேர்ந்தார். வெளிநாட்டு உதவி இருந்த வரைக்கும் கொஞ்சம் சம்பளம் வந்தது. அது நின்ற பிறகும் அக்கா நிற்கவில்லை.

அக்காவின் வேலை செய்கிற முறையை ஒரு சம்பவத்தால் சொல்கிறேன். ஒரு பிரதேச செயலகத்தில் தமிழ் பாரங்கள் அச்சடித்து வந்து அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தன. கேட்டால், "யாரும் கேக்கிறதில்ல, அதுதான் வெளியில வைக்கல" என்றார்கள். அக்கா சண்டை போடவில்லை. பன்வில பக்கத்திலிருந்தும் எங்கள் தோட்டத்திலிருந்தும் இருபது பெண்களை ஒரே நாளில் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நிறுத்தினார். ஒவ்வொருவரும் கவுண்டரில் போய், "தமிழ் பாரம் தாங்க" என்று மட்டும் கேட்க வேண்டும். வேறு ஒன்றும் பேசக்கூடாது. ஏழாவது ஆள் கேட்கும்போது உத்தியோகத்தர் எழுந்து வந்துவிட்டார்.

"ஐயோ மிஸ், எல்லாரும் ஒரே நாள்ல வர வேணுமா?"

"ஒரே நாள்ல வந்தாத்தானே, சேர், அலுமாரிச் சாவி கெடைக்குது" என்றார் அக்கா.

உத்தியோகத்தருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தக் கந்தோரில் தமிழ் பாரம் மேசை மேல் இருக்கிறது. அவர் பிறகு அக்காவுக்கு நல்ல சிநேகிதர் ஆனார். ஆனால் முதியவர்களுக்கும் கால் முடியாதவர்களுக்கும் கீழ்மாடியில் ஒரு கவுண்டர் வைக்க வேண்டும் என்று அக்கா எழுதிய கடிதத்துக்கு மட்டும் அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. உதவிப் பணம் தருகிற கொடுப்பனவுப் பகுதி இன்னமும் மேல்மாடியில்தான் இருக்கிறது.

இப்போது கடிதப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் இல்லாதவர்களுக்கு இது புதிதாக இருக்கும். லயத்துக் காம்பராக்களுக்கு வீட்டு இலக்கம் கிடையாது. பெயர், மேல் பிரிவு, தோட்டத்தின் பெயர், அவ்வளவுதான் முகவரி. தபால்காரர் எல்லாக் கடிதத்தையும் தோட்டத்து ஆபீசில் போட்டுவிட்டுப் போவார். காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்க வருகிறவர்களிடம் கிளாக்கர் கூப்பிட்டுக் கொடுப்பார். பெரட்டுக்கு வராதவர்கள், அதாவது வயது போனவர்கள், நோயாளிகள், டவுனில் வேலை செய்கிறவர்கள், இவர்களுடைய கடிதம் ஆபீஸ் விறாந்தையில் ஒரு மரப் பெட்டிக்குள் போகும். அதை யாரும் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரிக் கடிதம், நேர்முகப் பரீட்சைக் கடிதம், அடையாள அட்டைக் கடிதம் எல்லாம் அதற்குள் கிடந்து திகதி முடிந்துபோகும். வேலைக்கு எடுபட்ட கடிதம் பெட்டிக்குள் கிடக்க, எடுபடவில்லை என்று நினைத்து வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஒவ்வொரு காம்பராவுக்கும் ஒரு இலக்கம், இலக்கம் போட்ட கதவுக்குக் கடிதம். அக்கா கடைசி எட்டு வருடம் கேட்டது இதைத்தான். தபால் திணைக்களம் தோட்டத்தைக் கேள் என்றது. தோட்டம் பிரதேச சபையைக் கேள் என்றது. பிரதேச சபை, தோட்டத்துப் பாதை எங்களுடையதல்ல என்றது. அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். பதில் வரும் வரைக்கும் பெட்டி கிடக்கக் கூடாது என்று, இரண்டு கிழமைக்கு ஒரு சனிக்கிழமை மேலே போய், பெட்டியைக் காலி செய்து, ஒவ்வொரு கதவிலும் கொண்டுபோய்க் கொடுத்தார். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்தும் காட்டுவார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன்.

"கவர்னர் வருதுடி, கதவத் தொறந்து வைங்க" என்று பெண்கள் கேலி செய்வார்கள்.

"கவர்னர் வந்தா தேத்தண்ணி குடுக்கணும், வெறும் வாயால வரவேற்கக் கூடாது" என்பார் அக்கா.

குண்டசாலைக்கு வந்து எத்தனையோ வருடமாகியும் அக்கா தன் அடையாள அட்டையில் லயத்து முகவரியை மாற்றவில்லை. வாக்கும் அங்கேதான். எங்கள் பழைய காம்பராவில் சின்னம்மா குடும்பம் இருக்கிறது. என் மனைவி பல தடவை சொன்னாள்.

"அண்ணி, ஊருக்கெல்லாம் பாரம் நெரப்பிக் குடுக்கிறீங்க. ஒங்க அட்ரஸ மாத்துங்களேன். இங்கே தபால்காரர் வாசலுக்கே வாறாரு."

"நான் மாத்திட்டா, மீட்டிங்ல போயி எங்க வீட்டுக்குக் கடுதாசி வரலன்னு எப்படிம்மா சொல்லுவேன்? அப்பறம் நான் வேற யாருக்கோ பேசுற ஆளாயிருவேன்."

அக்கா தன் மனதில் உண்மையாகவே லயத்து ஆளாகத்தான் இருந்தார்.

அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது அவருக்கு ஐம்பத்து நாலு வயது. ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் செய்து, ஒப்பரேசன் செய்ய வேண்டும் என்றார்கள். வரிசை இருக்கிறது, இரண்டு மாதத்துக்குள் திகதி கடிதத்தில் வரும் என்றார்கள். முகவரி கேட்டபோது அக்கா அடையாள அட்டையைக் கொடுத்தார். போன் நம்பர் கேட்டபோது பழக்கத்தில் மன்றத்து நம்பரைச் சொன்னார். ஹாஜியார் காலமாகி, கடை கைமாறி, மன்றம் அந்த அறையை விட்டு வெளியேறியபோதே அந்த இணைப்பும் போயிருந்தது. அதை மாற்றிச் சொல்ல வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் அக்காவுக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஒரு நேர்ஸ், "நான் வார்ட்டில சொல்லி முன்னுக்குப் போடவா?" என்று கேட்டார். அக்கா வேண்டாம் என்றார். "எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்காங்கன்னு நான் முன்னுக்குப் போனா, தெரிஞ்ச ஆள் இல்லாதவங்க பின்னுக்குத்தானே போவாங்க." முப்பது வருடம் கந்தோர் கந்தோராக இதைச் சொன்னவர், தன் உயிர் என்று வந்தபோதும் அதையே சொன்னார்.

இனி எழுதப் போவதை இந்த நினைவு மலரில் போடலாமா என்று மனைவியிடம் கேட்டேன். "எழுதாட்டி அண்ணியப் பத்திப் பாதிதான் எழுதின மாதிரி" என்றாள்.

அக்காவால் மலையேற முடியாமல் போனது. சனிக்கிழமைகளில் பெட்டியைப் பார்த்து வர என்னைத் தனியாக அனுப்பினார். முதல் சனிக்கிழமை போனேன். விறாந்தையில் கிளாக்கரும் இன்னும் மூன்று பேரும் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னப்பா, அக்கா வரலியா?" என்றார் கிளாக்கர். நான் தலையை ஆட்டினேன்.

"தலையாட்டுறான் பாரு. ஊருக்கெல்லாம் அட்ரஸ் கேட்டு வாங்கிக் குடுக்குற அக்கா, ஒனக்கு ஒரு வாய் கேட்டு வாங்கிக் குடுக்கலியா?"

நாலு பேரும் சிரித்தார்கள். நான் பெட்டியைத் திறந்து இருந்த இரண்டு கடிதத்தையும் எடுத்துக்கொண்டு வந்தேன். கடிதங்களை உரியவர்களிடம் கொடுத்தேன். அவ்வளவுதான் நடந்தது. யாரும் என்னை அடிக்கவில்லை. ஆனால் அடுத்த முறை போனபோது, ஆபீசுக்குக் கீழே இருக்கிற வளைவில் நின்று பார்த்தேன். அதே நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் கால் அதற்கு மேல் போகவில்லை. பஸ் நிற்கிற இடத்துக்குத் திரும்பி வந்து, நேரம் சரியாக வர வேண்டும் என்பதற்காக ஒரு மணித்தியாலம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து, "பெட்டி காலி அக்கா" என்று சொன்னேன்.

"ஒன்னுமே இல்லியா?"

"ஒன்னுமே இல்ல."

அதற்கு அடுத்த முறை நான் மலைப் பக்கமே போகவில்லை. கண்டி மார்க்கட்டில் சுற்றிவிட்டு வந்து அதையே சொன்னேன். அக்கா நம்பினார். ஆஸ்பத்திரிக் கடிதம் இன்னும் வரவில்லை, வரிசை பெரிதாக இருக்கும் என்று என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். உடம்பு இளைத்துக்கொண்டே போனது.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சின்னம்மாவின் மருமகள் மேரி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் கையில் ஒரு பழுப்புக் கவர்.

"அக்கா, ஒங்க பேருக்கு வந்திருக்கு. ஆபீஸ் பெட்டியில அடியில கெடந்திச்சு. எத்தன நாளோ தெரியல, ஈரம் பட்டிருக்கு."

அக்கா கவரைத் திருப்பித் தபால் முத்திரையைப் பார்த்தார். பிரித்து வாசித்தார். ஒப்பரேசனுக்கு வரச் சொன்ன திகதி போய்ப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. அக்கா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அவர் மேரியிடம் கேட்டார்.

"பெட்டியில வேற என்ன இருந்திச்சு?"

"ஆறேழு கடுதாசி இருக்கும்க்கா. நமக்கு எதுக்குன்னு அங்கேயே வச்சிட்டேன்."

"தம்பி, சட்டையப் போடு" என்றார் அக்கா.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டார்.

"நீ போகல, இல்ல?"

"போகலக்கா."

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையும்."

"கிளாக்கருக்குப் பயந்தா?"

"ஆமாக்கா."

அக்கா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "ஏங்கிட்ட சொல்லியிருந்தா வேற ஆள அனுப்பியிருப்பேனே தம்பி."

இதைத் தவிர அந்த விஷயமாக அக்கா சாகும் வரைக்கும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

கண்டியில் இறங்கி ஆட்டோ பிடித்துத் தோட்டத்துக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் கிளாக்கர் ஆபீசில் இருந்தார். அக்காவின் உடம்பைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "என்னம்மா, வாயில்லா ஜீவனையும் கூட்டிக்கிட்டு வந்திருக்கீங்க" என்றார்.

"வாய் இருக்குங்க ஐயா. அதக் கேலி பண்ணிப் பண்ணி மூட வச்சிட்டீங்க" என்றார் அக்கா. "தம்பி, பெட்டியத் தொற."

பெட்டிக்குள் ஏழு கடிதம் இருந்தது. அக்கா லயத்து வாசலில் ஒரு கதிரையில் உட்கார்ந்துகொண்டார். நான் கதவு கதவாகக் கொண்டுபோனேன். அதில் ஒன்று முத்தையா தாத்தாவுக்கு. கொழுந்து மூட்டை சுமந்து இடுப்பு போனவர். பிள்ளைகள் இல்லை. முதியோர் கொடுப்பனவுக்கு நேர்முக விசாரணைக்கு வரச் சொன்ன கடிதம். அதுவும் நாள் தப்பிவிட்டது. வராவிட்டால் பெயர் வெட்டப்படும் என்று எழுதியிருந்தது. அக்கா அதை இரண்டு தடவை வாசித்தார்.

அக்காவின் கிளினிக் நாள் புதன்கிழமை. திங்கட்கிழமை முத்தையா தாத்தாவைக் கூட்டிக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போனோம். தாத்தாவால் படியேற முடியாது. அக்காவாலும் முடியவில்லை. இரண்டு பேரும் கீழே இருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டார்கள். அக்கா கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

"நீ போய்ச் சொல்லு."

"நான் என்னன்னுக்கா சொல்றது?"

"கீழே ஒரு வயசானவர் இருக்காரு, ஏற முடியாது, நீங்க எறங்கி வாங்கன்னு சொல்லு. வேற ஒன்னும் சொல்ல வேணாம்."

பதினெட்டுப் படி. மேலே கவுண்டரில் இருந்தவர் ஒரு நோனா, சிங்களப் பெண் உத்தியோகத்தர். மூன்று பேர் எனக்குப் பின்னால் வந்து எனக்கு முன்னால் போனார்கள். பிறகு அக்கா சொன்னதைச் சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "மொனவத?" என்றார் நோனா. என்ன என்று கேட்கிறார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் திரும்பச் சொன்னேன். அதற்கும் அவருக்கு விளங்கவில்லை. மூன்றாம் தடவை நான் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, அங்கே இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நோனா கோபப்படவில்லை. பேனையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். வாங்கில் தாத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விசாரணையை அங்கேயே முடித்தார். "கடிதம் பிந்திக் கெடச்சதுன்னு எழுதுறேன், பெயர் வெட்ட மாட்டாங்க" என்று அவர் சிங்களத்தில் சொன்னதை அக்கா தாத்தாவுக்குச் சொன்னார். தாத்தாவுக்குக் கொடுப்பனவு கிடைத்தது. இன்றைக்கும் கிடைக்கிறது.

புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனோம். தவறிய திகதிக்குப் பதிலாக இன்னொரு திகதி கொடுத்தார்கள். அதற்கு ஐந்து கிழமை இருந்தது. அந்த நாளில் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள். நோய் ஈரல் வரைக்கும் போயிருந்தது. முதல் திகதிக்கே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டொக்டரிடம் தனியாகக் கேட்டேன். அதைக் கேட்கத்தான் நான் என் வாழ்க்கையில் இரண்டாம் தடவை சத்தமாகப் பேசினேன். அவர் இளம் ஆள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அத என்னால சொல்ல ஏலாது. சொல்ல முடிஞ்சா சொல்லியிருப்பேன்" என்றார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆம் என்றும் சொல்லியிருக்கலாம். இப்போது இரண்டுமே என்னோடு இருக்கிறது.

கடைசி இரண்டு மாதம் அக்கா வீட்டில்தான் இருந்தார். வலி கடுமையாக இருந்தது. மருந்து கொடுத்தால் தூங்குவார், எழும்பினால் யார் யாருடைய கடிதம் எந்தக் கந்தோரில் நிற்கிறது என்று சொல்லி என் மகளை எழுதச் சொல்வார். பாதர் வந்து கடைசி நேரத்து அவஸ்தைப் பூசுதல் கொடுத்தார். அக்கா பாவசங்கீர்த்தனம் செய்து முடித்துவிட்டு, "பாதர், தபால் திணைக்களத்துக்கு எழுதின மனுவில நீங்களும் ஒரு கையெழுத்து வைக்கலாம்தானே?" என்று கேட்டார். பாதர் அழுதுகொண்டே கையெழுத்து வைத்தார். மறுநாள் விடிந்த பிறகு, என் மனைவி சூப்பு பருக்கிக்கொண்டிருக்கும்போது அக்காவின் உயிர் போனது.

அந்த மனுவுக்கு இன்று வரைக்கும் பதில் வரவில்லை. லயத்துக் கதவுகளில் இலக்கம் இல்லை. பெட்டி விறாந்தையில்தான் இருக்கிறது. இரண்டு கிழமைக்கு ஒரு சனிக்கிழமை நான் போகிறேன். கிளாக்கர் இப்போது என்னிடம் கேலி பேசுவதில்லை. அது அக்காவின் சாவுக்கு அவர் கொடுக்கிற மரியாதையாக இருக்கலாம். கேலி பேசினாலும் போவேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அப்படி ஒரு நாள் வந்தால்தான் அது உண்மையா என்று எனக்கே தெரியும்.

அந்த ஏழு கடிதத்தில் மற்ற ஆறு கடிதத்துக்கும் உரிய நீங்கள் இந்த மலரை வாசிப்பீர்கள். சிலருக்கு அதனால் நட்டம் வந்தது எனக்குத் தெரியும். ஒரு பிள்ளையின் பயிற்சி வகுப்பு போனது. தோட்டம் தரவில்லை, தபால் தரவில்லை என்று நீங்கள் பேசிக்கொண்டீர்கள். அந்த இரண்டு சனிக்கிழமையும் தராதவன் நான். உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

அக்காவின் நோயில் கூட இருந்தவர்களுக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. வார்ட்டில் அக்காவுக்குத் தலை வாரிவிட்ட நேர்ஸ், மன்றத்தில் கடைசி வரைக்கும் நின்ற இரண்டு டீச்சர்மார், அடக்கத்தன்று கடையைச் சாத்திவிட்டு வந்து சாப்பாட்டுக்கு வழி பார்த்த ஹாஜியாரின் பிள்ளைகள், படியிறங்கி வந்த அந்த நோனா, மேலிருந்து நடந்தே இறங்கி வந்து அக்காவின் சவப்பெட்டியைத் தோள் மாற்றிச் சுமந்த லயத்துப் பிள்ளைகள், பாடல் குழுவினர், பாதர், இவர்கள் எல்லோருக்கும் ஆண்டவர் நல்ல சுகத்தைக் கொடுக்கட்டும். பெயர் விட்டுப்போனவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டவுனிலும் குண்டசாலையிலும் இருப்பவர்களுக்கு இந்த மலரைத் தபாலில் அனுப்புகிறோம். லயத்து வீடுகளுக்குத் தபாலில் போடவில்லை. போட்டால் எங்கே போய்க் கிடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். திருப்பலிக்கு வர முடியாதவர்களுக்கு நானே கொண்டு வருகிறேன். பகலில்தான் வருவேன். எனக்குக் கதவைத் தட்டிப் பழக்கமில்லை, மெதுவாகத்தான் தட்டுவேன். கேட்காவிட்டாலும் திரும்பிப் போக மாட்டேன். மறுபடியும் தட்டுவேன்.

குடும்பத்தார் சார்பில்,
தம்பி